ஐந்து டாலர் பங்கு

நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கக் கறுப்பின மக்களைத் திரட்டிய மார்கஸ் கார்வி என்றாலே "கப்பல் கம்பெனி ஆரம்பித்து ஏழை ஜனங்களின் பணத்தைத் தொலைத்தவர்தானே" என்று முடித்துவிடுகிறார்கள். தொலைத்தார், உண்மைதான். அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் யார், ஏன் கொடுத்தார்கள் என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

1919ஆம் ஆண்டு. அமெரிக்காவுக்காகப் பிரான்சில் சண்டை போட்ட கறுப்பினச் சிப்பாய்கள் ஊர் திரும்புகிறார்கள், இங்கே வந்தால் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைக்கும் அதே தனி ரயில்பெட்டி, அதே கும்பல் கொலை, அந்தக் கோடையில் சிகாகோ கலவரத்தில் மட்டும் 38 பேர் செத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸ், உலகெங்கும் உள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஒன்றுசேர்க்க பாரிஸில் பான்-ஆப்பிரிக்க மாநாடு கூட்டினார். 57 பிரதிநிதிகள், பெரும்பாலும் படித்தவர்கள். அதுவும் தேவையான வேலைதான். ஆனால் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் ஜமைக்காவிலிருந்து வந்த கார்வி என்ற அச்சுத் தொழிலாளி வேறு மாதிரிப் பேசினார். நமக்கென்று ஒரு கப்பல் கம்பெனி, அதில் கேப்டனும் நாம், முதலாளியும் நாம், அமெரிக்கா, கரீபியத் தீவுகள், ஆப்பிரிக்கா மூன்றையும் நாமே இணைப்போம் என்றார். பிளாக் ஸ்டார் லைன். ஒரு பங்கு 5 டாலர், கறுப்பினத்தவருக்கு மட்டும், ஒருவருக்கு 200 பங்குக்கு மேல் கிடையாது. பணக்காரர் யாரும் மொத்தமாக வளைத்துப் போட முடியாது என்பதால் அந்த உச்சவரம்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுவேலை செய்த பெண்களும் கூலிகளும் வாங்கினார்கள்.

முதல் கப்பல் யார்மவுத், 1887இல் கட்டியது. கார்வி பிறந்ததும் அதே வருடம்! போர்க்காலத்தில் நிலக்கரி சுமந்து ஓய்ந்துபோன அதை 1,65,000 டாலருக்கு வாங்கினார்கள். பெரிய ஏமாற்று. கார்விக்குக் கப்பல் தொழில் தெரியாது, தெரிந்தவர் சொன்னால் கேட்கிற குணமும் இல்லை. கப்பல் நடுக்கடலில் பழுதாகி நின்றது, செலவு வரவைத் தின்றது. ஆனாலும் கியூபாவிலும் பனாமாவிலும் அது கரைக்கு வந்தபோது ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். கறுப்பின கேப்டன் ஓட்டி வந்த தங்கள் கப்பல். 5 டாலருக்கு அவர்கள் வாங்கியதில் இதுவும் உண்டு, கணக்குப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை.

அப்புறம் வழக்கு. யார்மவுத் முதல் பயணம் புறப்படும் முன்பே, 1919 அக்டோபரில், அமெரிக்க நீதித்துறை அதிகாரி ஜே. எட்கர் ஹூவர் (பிற்பாடு எஃப்.பி.ஐ. தலைவர்) கார்வியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். நாடுகடத்துவதற்கு ஏற்ற குற்றம் எதையும் இவர் இன்னும் செய்யவில்லை, பிளாக் ஸ்டார் லைன் விஷயத்தில் மோசடி வழக்குப் போட முடியுமா பார்க்கலாம் என்பது அதன் சாரம். ஆளை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் குற்றத்தைத் தேடியிருக்கிறார்கள். 1923இல் அஞ்சல் மோசடி என்று ஐந்தாண்டு சிறை. சாட்சியமாக வந்தது பிளாக் ஸ்டார் லைன் அஞ்சலில் அனுப்பியது என்ற ஒரு காலி உறை. உள்ளே என்ன இருந்தது என்று அதைப் பெற்றவருக்கே நினைவில்லை. நால்வர் மீது வழக்கு, தண்டனை கார்விக்கு மட்டும்.

இதற்காக அவர் செய்ததையெல்லாம் நான் நியாயப்படுத்த மாட்டேன். 1922இல் அட்லாண்டா போய் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் தலைவர் ஒருவரைச் சந்தித்தார். வெள்ளையர் வெள்ளையராகவும் கறுப்பர் கறுப்பராகவும் தனித்து வாழ வேண்டும் என்ற புள்ளியில் இருவரும் ஒத்துப்போகலாம் என்று நினைத்திருக்கிறார். தூக்கு மரங்களின் நிழலில் வாழ்ந்த மக்களுக்கு அது துரோகமாகத்தான் பட்டிருக்கும், எனக்கும் அப்படித்தான் படுகிறது. இனப்பெருமையைத் தனிமையாகக் குறுக்கினால் இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

ஆனால் கறுப்பினத்தவருக்காகக் கார்வி தொடங்கிய சங்கம் (UNIA) அவரோடு முடியவில்லை. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் அதன் கிளையை நடத்தியவர் ஏர்ல் லிட்டில், சங்கப் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவர் அவர் மனைவி லூயிஸ். அவர்கள் பிள்ளைதான் பின்னாளில் கறுப்பின உரிமைப் போராளியான மால்கம் எக்ஸ். நுக்ருமா தலைமையில் ஆப்பிரிக்காவின் கானா விடுதலை பெற்றபோது அதன் கொடியின் நடுவில் கறுப்பு நட்சத்திரம் வந்தது, அரசு கப்பல் கம்பெனிக்கும் பிளாக் ஸ்டார் லைன் என்றே பெயர் வைத்தார்கள்.

2025 ஜனவரி 19 அன்று பைடன் கார்விக்கு மன்னிப்பு வழங்கினார், அவர் இறந்து 84 வருடம் கழித்து. எனக்கு அது போதவில்லை. மன்னிப்பு என்றால் குற்றம் அப்படியே நிற்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தத் தீர்ப்பையே ரத்து செய்ய வேண்டும்.