சித்தியின் பாசி மூட்டையும் 20 கிணறுகளும்

என் சித்தி பாம்பன் பக்கம் கடலில் பாசி எடுக்கிறார். வயது அறுபதை நெருங்குகிறது. விரல்களில் பழைய துணியைச் சுற்றி, காலில் அலுமினியத் தகட்டைக் கட்டி, மூச்சைப் பிடித்து முங்குவார். பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கிள்ளி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். துணி சுற்றியும் விரல் கிழியத்தான் செய்யும். உப்புத் தண்ணீரிலேயே கிடப்பதால் அந்தக் காயம் லேசில் ஆறாது.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா ஆயின. அப்புறம் தீவுப் பக்கம் போனாலே குற்றம். ஒருமுறை சீருடையில் வந்தவர்கள் சித்தியின் மூட்டையைப் பிடுங்கிக் கடலிலேயே கொட்டிவிட்டார்கள். அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. ஆனால், பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் சித்திக்கு மறுபேச்சே கிடையாது. மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று பெண்களே கூடிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

இதே ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று பார்க்க 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட, ஒன்றிய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு 2025 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஊருக்குத் தெரிய வந்தது ஆகஸ்டில். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லையாம். ஆய்வுக் கிணற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வேண்டாம் என்று 2020 ஜனவரியிலேயே ஒன்றிய அரசு விதியை மாற்றிவிட்டது. எனக்கு வயிறு எரிவது இங்கேதான். ஒரு பிடி பாசிக்கு அத்தனை கெடுபிடி, பூமியைக் கிலோமீட்டர் கணக்கில் துளைப்பதற்கு ஒரு கூட்டம்கூடக் கிடையாது.

எரிவாயுவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வழுதூர் மின்நிலையம் எரிவாயுவில்தான் ஓடுகிறது. மின்சாரத்துக்காக நிலக்கரியை எரிப்பதோடு ஒப்பிட்டால் இதில் கரியமில வாயு ஏறக்குறைய பாதிதான். நாட்டுக்கு எரிபொருள் வேண்டும் என்பவர்களிடம் நியாயம் இருக்கிறது.

'வெறும் ஆய்வுதானே' என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சும்மா பார்த்துவிட்டுப் போவதற்கு யாரும் நூற்றுக்கணக்கான கோடி செலவழிக்க மாட்டார்கள். ஆய்வுக் கிணற்றுக்கும் தண்ணீர் வேண்டும், துளையிடும்போது உள்ளே செலுத்த ரசாயனம் கலந்த சேறு வேண்டும், வெட்டி எடுத்த கழிவைக் கொட்ட இடம் வேண்டும். குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் மாவட்டம் இது. பெய்கிற கொஞ்ச மழையும் கண்மாய் கண்மாயாக இறங்கி, மிஞ்சியது கடலுக்குத்தான் வரும். கழிவு கசிந்தால் அதுவும் அதே வழியில்தான் வரும். அந்தக் கடலில்தான் ஆவுளியா என்ற கடல் பசு மேயும் கடற்புல் இருக்கிறது, சித்தியின் பாசியும் இருக்கிறது. ஆந்திரக் கடலோரத்தில், பாசர்லபுடியில், 1995இல் ஒரு கிணறு வெடித்துப் பற்றிய தீயை அணைக்க 65 நாள் ஆனது. அப்படி நடப்பது அபூர்வம்தான், சரி. நடந்தால் யார் வீட்டு வாசலில் நடக்கும்?

அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி மாநில அரசு உத்தரவிட்டதில் எனக்கு நிம்மதி. ஆனால் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்க 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் காவிரி டெல்டாவுக்குத்தான், ராமநாதபுரத்துக்கு அந்த வேலி இல்லை. நாளைக்கு வேறு பெயரில் இன்னொரு விண்ணப்பம் வரலாம்.

வந்தால் முதலில் எங்கள் ஊரில் கூட்டம் போடுங்கள். எத்தனை அடி துளைப்பீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள், கழிவை எங்கே கொட்டுவீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள். சித்தியும் வருவார், அவருக்குக் கேட்க நிறைய இருக்கிறது. தேதி மட்டும் அந்த 12 நாளில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.