ஊருக்குப் போகிற லீவு லேபில்தான் ஆரம்பிக்கிறது

வெளிநாட்டில் பிஎச்டி செய்கிறவர்கள் ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசினால் பேச்சு டிக்கெட்டில் ஆரம்பித்து டிக்கெட்டிலேயே முடிந்துவிடும். எந்த மாதம் மலிவு, எங்கே இறங்கி ஏறினால் குறையும் என்று ஒரு வாரம் தேடுவார்கள். விட்டுப் போகிற வேலையை யாரிடம், எந்த நிலையில் கொடுப்பது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மாட்டார்கள். அப்புறம் ஊரில் போய் உட்கார்ந்து நடுராத்திரியில் "அந்த டப்பா எந்த ரேக்கில் இருக்கு?" என்ற மெசேஜுக்குப் பதில் தட்டிக்கொண்டிருப்பார்கள். கைடு லீவைக் கெடுத்துவிட்டார் என்று புலம்பல் வேறு. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே செய்யவேண்டியதைச் செய்யாததன் பலன் அது.

முதலில் எத்தனை நாள் போவது என்பது. என்னைக் கேட்டால், ஒன்பது பத்து மணி நேர வித்தியாசம் உள்ள ஊருக்கு இரண்டு வார லீவில் போவது காசுக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஒன்பது மணி நேரம் நகர ஒன்பது நாள். சரியாகி நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினால் திரும்புகிற நாள் வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போனாலும் நாலு வாரமாகப் போகலாம் என்பது என் கட்சி. வீட்டில் உடம்பு முடியாதவர்கள் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது கிடைக்கிற நாளில் போகவேண்டியதுதான்.

கிழக்கு நோக்கிப் பறப்பதுதான் கஷ்டம். நம் உள்கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்கு எளிது, கிழக்கே போனால் செய்யவேண்டியதுபோல் முன்னால் இழுப்பது சிரமம். "போய் இறங்கியதும் காலை வெயிலில் நட, சரியாகிவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஒன்பது மணி நேரம் கிழக்கே போனவருக்கு முதல் நாள் அது தப்பான யோசனை. வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடம்பின் சூடு மிகவும் குறையும். அந்தப் புள்ளிக்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், பிறகு படுவது முன்னுக்கு இழுக்கும். நீங்கள் ஏழு மணிக்கு எழுகிறவர் என்றால் அந்தப் புள்ளி விடிகாலை நாலரை சுமார். போய் இறங்கிய ஊரில் அது பகல் ஒன்றரை. அப்படியானால் முதல் நாள் காலை முழுக்க வெயிலில் சுற்றினால் கடிகாரம் எதிர்ப்பக்கமாக ஓடும். பகல் ஒன்றரை வரை வீட்டுக்குள், அல்லது கறுப்புக் கண்ணாடியோடு. இரண்டு மணிக்கு மேல் வெளியே போய் நல்ல வெளிச்சத்தில் இருங்கள். அடுத்தடுத்த நாளில் இந்த எல்லையை ஒவ்வொரு மணி நேரமாக முன்னால் கொண்டுவாருங்கள். மேற்கே திரும்புகிறபோது தொல்லை குறைவு. விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வரும், அந்த அமைதியான நேரத்தில் தீசிஸ் எழுதலாம்.

இப்போது லேப். உயிரணுக்களை (செல்) வளர்க்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, "நீ இரண்டு நாளுக்கு ஒருமுறை மீடியம் மாத்திடுறியா?" என்று, செல் வளரும் சத்துத் திரவத்தை மாற்றும் வேலையைப் பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் விட்டுப் போவது. அவருக்கும் வேலை இருக்கிறது. ஒரு நாள் மறப்பார், அல்லது அவருடைய பாட்டிலில் உள்ள தொற்று உங்கள் தட்டுக்கும் வரும். உறைய வைத்துவிட்டுப் போங்கள். தட்டில் 70–80 சதவீதம் நிறைந்து வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் செல்களைத்தான் உறைய வைக்கவேண்டும். முழுக்க நிறைந்து களைத்துப் போனவை பிழைக்காது. ஒரு வயலுக்கு (மூடி போட்ட சின்னக் குப்பி) பத்து முதல் இருபது லட்சம் செல், உறையவைக்கும் மீடியத்தில் 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ, உறையும்போது செல்லைக் காக்கும் ரசாயனம். டிஎம்எஸ்ஓ சேர்த்த பிறகு வயலை பெஞ்சில் வைத்துவிட்டு போன் பேசப் போகாதீர்கள். அறை வெப்பத்தில் அது செல்லுக்கு விஷம். ஐசோப்ரொபனால் ஊற்றிய டப்பாவில் வைத்து மைனஸ் 80 டிகிரி ப்ரீசரில் ஒரு ராத்திரி. அந்த டப்பா எதற்கென்றால் நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிரவைக்க. சட்டென்று குளிர்ந்தால் செல்லுக்குள்ளேயே ஐஸ் ஊசிகள் உருவாகிக் கிழித்துவிடும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரவ நைட்ரஜன் தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். "வந்து மாத்திக்கலாம்" என்று மைனஸ் 80-இலேயே விட்டுப் போனால் வாரத்துக்கு வாரம் உயிருள்ள செல் குறைந்துகொண்டே போகும்.

ஐந்து வயலாவது வையுங்கள், முடிந்தால் இரண்டு வெவ்வேறு தொட்டிகளில். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு வயலை எடுத்து உருக்கி வளர்த்துப் பாருங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை. உறைய வைத்தது சரியில்லை என்பது திரும்பி வந்தபிறகு தெரிந்தால் ஒரு பலனும் இல்லை. வயல் மேல் செல்லின் பெயர், எத்தனையாவது பாசேஜ் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்த முறை), தேதி, உங்கள் இனிஷியல். சாதா மார்க்கரில் எழுதினால் ஆல்கஹால் பட்டதும் அழிந்துவிடும். தொட்டி, அடுக்கு, டப்பா, கட்டம் நாலையும் நோட்டில் குறித்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து லேப் குரூப்பில் போட்டுவிடுங்கள். நடுராத்திரி மெசேஜில் பாதி அத்தோடு நின்றுவிடும்.

பாக்டீரியா வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது: ராத்திரி முழுக்க வளர்ந்த கல்ச்சர் 500 மைக்ரோலிட்டர், 50 சதவீத கிளிசரால் 500 மைக்ரோலிட்டர், கலந்து மைனஸ் 80-இல் வைத்தால் முடிந்தது. பழ ஈ வளர்ப்பவர்கள் குப்பிகளை 25 டிகிரியிலிருந்து 18 டிகிரிக்கு மாற்றினால் போதும், பத்து நாளில் முடிகிற ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் ஆகும். எலி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. எந்தக் கூண்டில் எப்போது குட்டி போடும், எந்த நாளில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கவேண்டும் என்று தேதி போட்டு எழுதிக்கொடுக்கத்தான் வேண்டும்.

கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்கள் "நமக்கென்ன, எங்கிருந்தாலும் வேலை நடக்கும்" என்று சிரிப்பார்கள். அவர்கள் மாட்டுவது இரண்டு இடத்தில். ஊரில் இறங்கியதும் போனில் உள்ளூர் சிம் போடுவார்கள், பல்கலைக்கழகக் கணக்கின் ஓடிபி பழைய நம்பருக்குப் போகும். ஒரு மாதம் முன்பே அதை எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆப்புக்கு மாற்றி, அவசரக் குறியீடுகளை அச்செடுத்துப் பர்ஸில் வையுங்கள். பாஸ்வேர்ட் காலாவதி லீவுக்கு நடுவில் விழுகிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தும் பெரிய கணினித் தொகுதியான கிளஸ்டரின் தற்காலிக டிஸ்க். குறிப்பிட்ட நாளுக்கு மேல் தொடாத கோப்புகளைப் பல இடங்களில் தானாகவே அழித்துவிடுவார்கள். கிளம்புமுன் முடிவுகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு கட்டடத்தில்.

கைடிடம் லீவு கேட்பதற்கு நீண்ட கடிதம் வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்த வேலையை யார் பார்ப்பார்கள், எந்த நாளில் எந்த நேரத்தில் நான் கிடைப்பேன். அவ்வளவுதான். கடைசி வரி முக்கியம். "எப்போது வேண்டுமானாலும் மெயில் போடுங்கள்" என்று பணிவுக்கு எழுதினால் எப்போது வேண்டுமானாலும்தான் வரும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று எழுதுங்கள், அந்த நேரத்தில் தவறாமல் இருங்கள். லேப்டாப்பில் இருபது ஆய்வுக்கட்டுரை ஏற்றிக்கொண்டு போவதும் வேண்டாம். படிக்கவும் மாட்டோம், படிக்கவில்லையே என்ற உறுத்தலில் வீட்டாரோடு உட்காரவும் மாட்டோம்.

காகித விஷயத்தில் பலர் குழம்புவது ஒன்று. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா உள்ளே நுழைவதற்கு, தங்குவதற்கான அனுமதி வேறு. சில நாடுகளில், தங்கும் அனுமதி இன்னும் இரண்டு வருடம் இருந்தாலும் விசா முடிந்திருந்தால் வெளியே போனவர் திரும்ப நுழைய முடியாமல் நிற்க நேரும். இரண்டையும் திரும்பி வரும் தேதியை வைத்துச் சரிபாருங்கள், கிளம்பும் தேதியை வைத்து அல்ல. பல நாடுகள் பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் கேட்கும். மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் நடுவில் இறங்கிப் பெட்டியை எடுத்து மறுபடி போடவேண்டிவரும், அதற்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். மிச்சம் பிடித்த காசு அங்கேயே போகும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்: 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட் ஹவர், 100 வரை அனுமதி கேட்கத் தேவையில்லை.

வீட்டில் இருக்கும்போது ஒரு பகல் பெற்றோரோடு உட்கார்ந்து அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை எழுதுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த டாக்டர் எழுதினது. அட்டையின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். போனில் கேட்டால் "அந்த வெள்ளை மாத்திரை" என்பார்கள்.

திரும்பி வந்தபின் முதல் மூன்று நாளில் மீட்டிங், பெரிய சோதனை எதுவும் வைக்காதீர்கள். இரண்டாம் நாள் ஒரு வயலை 37 டிகிரி தண்ணீரில் இரண்டு நிமிடத்துக்குள் உருக்கி, டிஎம்எஸ்ஓவைக் கழுவித் தட்டில் போடுங்கள். உருக்கிய செல்லை உடனே சோதனைக்கு எடுக்கமுடியாது, இரண்டு மூன்று பாசேஜ் போகவேண்டும். அது ஒரு வாரம் பத்து நாள் ஆகும். உங்கள் தூக்கம் சரியாவதற்கும் அவ்வளவு நாள்தான்.