அழித்த பதிவைத் தோண்டும் ஆசை

அடுத்தவர் அழித்த பதிவை அவருக்குத் தெரியாமல் பார்க்க முடியுமா? செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். டிஸ்பிளே மாற்ற வந்தவர்கூட வேலை முடிந்து காசு கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார். கடையில் நின்றபடி சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். ஆனால் இது சுருக்கமாகச் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சொந்தப் பதிவு என்றால் கொஞ்ச நாள் வரை பார்க்கலாம். முகநூலில் ஒரு பதிவை நீக்கினால் அது முதலில் ட்ராஷ் என்ற இடத்துக்குப் போய் 30 நாள் கிடக்கும். உங்கள் ப்ரொஃபைலில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு ஆக்டிவிட்டி லாக் உள்ளே போனால் ட்ராஷ் தெரியும், அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இன்ஸ்டாகிராமிலும் இதே 30 நாள் கணக்குதான். ஆர்க்கைவில் சேராத ஸ்டோரிக்கு மட்டும் 24 மணி நேரம். ஆர்க்கைவ் என்பது வேறு. அதில் போட்டதை நீங்களாக எடுக்கும் வரை உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி அங்கேயே இருக்கும். பதிவு காணாமல் போய்விட்டது என்று பதறிக்கொண்டு வருகிற பலருடைய பதிவு ஆர்க்கைவில்தான் கிடக்கிறது. கணக்கையே நீக்கினால் மனம் மாறுவதற்கு 30 நாள் தருகிறார்கள். எல்லாம் அழிந்து முடிய 90 நாள் வரை ஆகலாம் என்று முகநூல் நிறுவனமே சொல்கிறது. அப்போதும் நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய மெசேஜ் அவர்களுடைய இன்பாக்ஸில் அப்படியேதான் இருக்கும்.

அடுத்தவர் அழித்த பதிவு என்றால் முடியாது. அதற்கு முன்பே யாராவது நகல் எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. 'டெலிட் செய்த போஸ்ட்டைப் பார்க்கலாம்', 'பிரைவேட் ப்ரொஃபைலைத் திறக்கலாம்' என்று வருகிற தளங்களும் செயலிகளும் மொத்தமாகவே ஏமாற்று. முகநூலின் சர்வர், நீக்கிய பதிவை வெளியாள் ஒருவருக்கு எடுத்துத் தருவதே இல்லை. அப்படி இருக்க, இவர்கள் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்? உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பார்கள், ஓடிபி கேட்பார்கள், இல்லையென்றால் ஒரு ஏபிகே ஃபைலை, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து நேராகப் போனில் ஏற்றும் செயலியை, இறக்கச் சொல்வார்கள். அடுத்தவர் கணக்கை எட்டிப் பார்க்கப் போனவர் தன் கணக்கைத் தொலைத்துவிட்டு வருகிற கதைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வெளியே சொல்லவும் கூச்சம். என்ன தேடப் போனோம் என்று சொல்ல வேண்டுமே என்று போலீசுக்கும் போவதில்லை. பணம் போயிருந்தால் கூச்சம் பார்க்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். எதற்காகப் போய் மாட்டிக்கொண்டோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம் என்பதுதான் அங்கே முக்கியம்.

வாட்ஸ்அப்பில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. மெசேஜ் வந்தவுடன் போனில் நோட்டிஃபிகேஷன் வருகிறது இல்லையா, அனுப்பியவர் அப்புறம் அழித்தாலும் அந்த நோட்டிஃபிகேஷனின் வாசகத்தை இன்னொரு செயலி பிடித்து வைத்திருக்க முடியும். 'அழித்த மெசேஜைக் காட்டும்' செயலிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. ஆண்ட்ராய்டு 11-லிருந்து போனிலேயே நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி என்ற வசதி வந்துவிட்டது. அதை முன்பே ஆன் செய்து வைத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் வந்தது தெரியும். ஆனால் நோட்டிஃபிகேஷனைப் படிக்கும் அனுமதியை வெளிச் செயலிக்குக் கொடுத்தால், உங்கள் வங்கி அனுப்பும் ஓடிபியையும் அது படிக்கக்கூடும். ஒரு 'குட் மார்னிங்' அழிக்கப்பட்டது ஏன் என்று தெரிந்துகொள்ள, சேமிப்புக் கணக்கையே அடகு வைக்கிற வேலை இது. கடைக்கு வரும் போன்களில் இந்த மாதிரி செயலி இருந்தால், சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு முதலில் அதைத்தான் எடுத்துவிடுகிறேன்.

அப்படியானால் அழித்த பதிவை யாராலும் பார்க்க முடியாதா? அப்படியும் சொல்ல முடியாது. நிறுவனத்தின் கையில் அது கொஞ்ச காலம் இருக்கிறது. 2011-ல் ஆஸ்திரியாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று முகநூலிடம் கேட்டு வாங்கினார். 1,222 பக்கம் வந்தது. அவர் அழித்துவிட்டதாக நினைத்த மெசேஜ்களும் அதில் இருந்தன. ஐரோப்பாவுக்கான முகநூல் அலுவலகம் அயர்லாந்தில் இருந்ததால் அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் புகார் கொடுத்தார். ஒரு கல்லூரி மாணவர் தொடங்கிய அந்தச் சண்டை பின்னாளில் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2020-ல் இன்ஸ்டாகிராமும் இதே மாதிரி மாட்டியது. சௌகத் போக்ரேல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் தன் கணக்கின் தரவைத் தரவிறக்கிப் பார்த்தபோது, ஒரு வருடத்துக்கும் முன்னால் அழித்த படங்களும் மெசேஜ்களும் உள்ளே இருந்தன. கோளாறுதான் காரணம் என்று சொல்லி, சரிசெய்து, கண்டுபிடித்துச் சொன்னதற்காக அவருக்கு 6,000 டாலர் கொடுத்தார்கள்.

இதில் கெட்ட எண்ணம் மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பதிவு என்பது ஒரு இடத்தில் மட்டும் இருப்பதில்லை. அதன் படம் ஓரிடம், கமெண்ட் ஓரிடம், லைக் ஓரிடம், எல்லாவற்றுக்கும் பல ஊர்களில் பேக்கப். ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் துடைத்தெடுப்பது எவ்வளவு கடினம் என்று முகநூலின் பொறியாளர்களே 2020-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். சட்டமும் சில நேரம் வைத்திரு என்கிறது. நம் நாட்டின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, புகாராலோ உத்தரவாலோ ஒரு பதிவை நிறுவனம் எடுத்துவிட்டால், விசாரணைக்காக அதை 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும். நீங்கள் கணக்கை மூடினாலும், பதிவு செய்யும்போது கொடுத்த விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆக, நிறுவனம் பார்க்கலாம், நீதிமன்றம் கேட்டால் தரலாம். பக்கத்து வீட்டுக்காரரும் சம்பந்தி வீட்டுக்காரரும் அந்த வரிசையில் இல்லை. இருக்கவும் கூடாது என்பதுதான் என் கட்சி.

சம்பந்தி வீடு என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இப்போது ஜாதகம் பார்க்கிற மாதிரி பெண்ணின் முகநூலையும் இன்ஸ்டாவையும் பார்க்கிறார்கள். ஒருமுறை பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். பையனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"தம்பி, பொண்ணு பழைய போட்டோவெல்லாம் அழிச்சிருக்கு போல. முன்னாடி நிறைய இருந்ததுன்னு எங்க மூத்த மருமக சொல்லுதா. அதை எடுத்துப் பாக்க வழி இருக்கா?"

"வழி இல்ல அண்ணாச்சி. இருந்தாலும் நான் எடுத்துத் தரமாட்டேன்."

"ஒண்ணும் தப்பா இல்லன்னா ஏன் அழிக்கணும்?"

"உங்க பையன் இன்ஸ்டாவ பாத்தீங்களா?"

அவர் பேசவில்லை. பையனுக்கு இன்ஸ்டா இருப்பதே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கோபமாகப் போவார் என்று எதிர்பார்த்தேன். சார்ஜர் ஒன்று வாங்கிக்கொண்டு அமைதியாகத்தான் போனார்.

அவர் கேட்ட அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் அதை அவர் மட்டும் கேட்கவில்லை, ஊரே கேட்கிறது. தப்பு இல்லாவிட்டால் ஏன் அழிக்கணும்? ஆயிரம் காரணம் இருக்கும். பள்ளிக்கூட வயதில் போட்ட படம் இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை. கூட நின்ற தோழியோடு இன்று பேச்சு இல்லை. இறந்துபோன ஒருவரின் முகம் அதில் இருக்கிறது. ஒரு கட்சியை நம்பி எழுதினாள், இன்று நம்பவில்லை. யாரோ முகம் தெரியாதவன் ஒவ்வொரு படத்தின் கீழும் வந்து அசிங்கமாக எழுதினான், தொல்லை வேண்டாம் என்று மொத்தமாக எடுத்துவிட்டாள். இதில் எதை அவள் நமக்கு விளக்கிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறாள்? டீக்கடையில் பேசிய பேச்சு மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. நம் அப்பா, அம்மா எல்லோரும் இருபது வயதில் பேசிய அசட்டுத்தனமெல்லாம் அப்படித்தான் காற்றோடு போனது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு மிச்சமிருப்பது அந்த டெலிட் பட்டன் ஒன்றுதான். அதையும் சந்தேகத்துக்கு அடையாளமாக ஆக்கிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

ஐரோப்பாவில் இதை அழிக்கச் சொல்லும் உரிமை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த உரிமை இருக்கிறது. சட்டத்தில் வந்தது நல்லது. வீட்டுக்குள் வருவதற்குத்தான் நாளாகும் போலிருக்கிறது.

இதைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. 'அவர் டெலிட் செய்துவிட்டார்' என்ற சொல், பொய்யான ஸ்கிரீன்ஷாட்டுக்கு மிக வசதியான காப்பாகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும். இன்னார் இப்படி எழுதினார் பாருங்கள் என்று போட்டிருக்கும். லிங்க் கேட்டால், "எதிர்ப்பு வந்ததும் அழித்துவிட்டார்" என்பார்கள். அத்தோடு சரிபார்க்கிற வழி அடைபட்டுவிட்டது. எழுதவே இல்லை என்று அந்த மனிதர் எப்படி நிரூபிப்பார்?

என் கடைக்கு வரும் கல்லூரிப் பையன்களுக்கு இதை நான் செய்தே காட்டுவேன். கம்ப்யூட்டரில் என்னுடைய முகநூல் பதிவு ஒன்றைத் திறந்து, எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் என்பதைத் தொட்டால், ஓரத்தில் அந்தப் பக்கத்தின் நிரல் திறக்கும். அதில் என் வாக்கியம் இருக்கும் இடத்தைப் பிடித்து, வேறு எதையாவது தட்டி என்டர் அடித்தால் திரையில் பதிவு மாறிவிடும். என் படம், என் பெயர், தேதி, லைக் எண்ணிக்கை எல்லாம் அசல். வாசகம் மட்டும் நான் எழுதாதது. ஒரு நிமிடம்கூட ஆகாது, போட்டோஷாப் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்தால் பழையபடி வந்துவிடும், ஆனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவன் கையில் பொய் தங்கிவிடும். இதை முதல்முறை பார்க்கும் பையன்களின் முகம் மாறும். தாங்கள் இதுவரை எத்தனை படங்களை ஃபார்வர்டு செய்தோம் என்று யோசிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நீதிமன்றத்தில் மின்னணுச் சான்றைக் கொடுக்கும்போது தனியாகச் சான்றிதழ் கேட்பது சும்மா இல்லை. நாம் குழுக்களில் எந்தச் சான்றும் கேட்காமல் தீர்ப்பே எழுதிவிடுகிறோம்.

சரி, எல்லோருடைய பதிவையும் அப்படியே மறந்துவிட வேண்டுமா? அதிகாரத்தில் இருப்பவர் விஷயத்தில் எனக்கு அந்தக் கருத்து இல்லை. ஓட்டு வாங்கியவரும், பெரிய மேடை உள்ளவரும் பொதுவில் சொன்னது பொதுச் சொத்து. 2010-ல் நெதர்லாந்தில் பொலிட்வூப்ஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். அரசியல்வாதிகள் அழிக்கும் ட்வீட்டுகளை மட்டும் பிடித்து வைக்கும் தளம். அமெரிக்காவில் 2012-ல் வந்தது, அப்புறம் பல நாடுகளுக்குப் பரவியது. 2015-ல் ட்விட்டர் அதற்கான அனுமதியைப் பறித்தது. அழிக்கும் உரிமையில் ஒருவருக்கு ஒரு நியாயம் இன்னொருவருக்கு ஒரு நியாயம் கிடையாது என்பது அவர்கள் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒப்புதல் இல்லை. தன் மனவருத்தத்தை எழுதி அழித்த மாணவியும், ஒரு சமூகத்தையே இழிவாக எழுதிவிட்டு அழித்த மக்கள் பிரதிநிதியும் எப்படி ஒன்றாவார்கள்? எதிர்ப்பு எழுந்ததும் அந்த வருடக் கடைசியிலேயே ட்விட்டர் இறங்கி வந்தது. ஆனால் 2022-ல் எலான் மஸ்க் வாங்கிய பிறகு அந்த வசதி மறுபடி போய்விட்டது.

நம் ஊரில் எஸ்.வி. சேகர் வழக்கு எல்லோருக்கும் தெரியும். 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அதோடு முடியவில்லை. வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து கிளம்பிய அம்பு மாதிரி என்ற கருத்தில் நீதிபதி சொன்னார். உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. அந்தப் பதிவு அவருடைய பக்கத்தில் கொஞ்ச நேரம்தான் இருந்திருக்கும். அதில் குறிவைக்கப்பட்ட பெண்கள் மறுநாளும் மைக்கோடு அதே மனிதர்கள் நடுவே வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

ஆகையால் அழித்ததைத் தேடும் ஆர்வம் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஆர்வத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் எந்தப் பொதுப் பக்கத்தின் முகவரியையும் கொடுத்து யார் வேண்டுமானாலும் சேமிக்கலாம், காசு கிடையாது. தேதி, நேரத்தோடு பதிவாகும். அது உங்கள் கையை விட்டு வேறொரு இடத்தில் இருப்பதால், ஸ்கிரீன்ஷாட்டை மாற்றுவது போல நீங்கள் நினைத்தாலும் மாற்ற முடியாது. முகநூல் பக்கங்கள் பெரும்பாலும் அதில் சரியாக விழாது. எக்ஸ் தளமும் சில நேரம் சண்டித்தனம் செய்யும். கட்சி இணையதளங்களும் அரசு அறிவிப்புகளும் செய்திப் பக்கங்களும் பல நேரம் நன்றாகவே பதிவாகும். தமிழ்நாட்டில் 234 சட்டமன்ற உறுப்பினர்கள், 39 மக்களவை உறுப்பினர்கள். ஒரு தொகுதிக்கு இரண்டு மாணவர்கள், வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். எந்தக் கட்சி என்று பாராமல் எல்லோருடையதையும் சேமிக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை. திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள். கம்ப்யூட்டரும் இணையமும் நான் தருகிறேன், எப்படிச் சேமிப்பது என்று சொல்லியும் தருகிறேன்.