செத்தால்தான் மன்னிப்போமா?

2025 ஆகஸ்டில், தனுஷ் நடித்த இந்திப் படம் ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை மறுபடி தியேட்டரில் விட்டபோது ஏஐ வைத்து கிளைமாக்ஸை மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சாகவேண்டிய நாயகன் குந்தன் கண்ணைத் திறந்து எழுந்துவிடுகிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் கொதித்தார், படத்தின் ஆன்மாவையே உருவிவிட்டார்கள் என்றார் தனுஷ். நியாயமான கோபம்தான். என்னை உறுத்தியது வேறு: அவன் பிழைத்துவிட்டால் அந்தப் படத்தில் மிச்சம் என்ன?

காசியில் ஒரு தமிழ்ப் பூசாரி வீட்டுப் பையன். ஜோயா என்ற முஸ்லிம் பெண் பின்னாலேயே அலைகிறான், அறை வாங்குகிறான், மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறான். அப்புறம் அவள் கட்டிக்கொள்ள இருந்தவன் முஸ்லிம் இல்லை, சீக்கியன் என்பதைக் கல்யாண நேரத்தில் போட்டு உடைக்க, அந்த மாப்பிள்ளை அடிபட்டுச் செத்தே போகிறான். இவ்வளவுக்கும் சேர்த்துத்தான் கடைசியில் தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே அரசியல் கூட்ட மேடை ஏறுகிறான். அந்தச் சாவைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரு பெண்ணை விடாமல் துரத்தியவனின் கதை, அவ்வளவுதான்.

நாயகன் செத்தால் அவன் செய்ததெல்லாம் மன்னிக்கப்படும் என்பது இந்தியில் புது ஏற்பாடு இல்லை. தேவதாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் திலீப் குமார், 2002-இல் ஷாருக் கான். காதலி பாரோ நடுராத்திரியில் தைரியமாகத் தேடி வந்து நிற்கிறாள், இவன் அப்பா அம்மாவுக்குப் பயந்து பின்வாங்கி, கடிதம் எழுதிக் கைகழுவிவிட்டு, அப்புறம் மனசு மாறித் திரும்பி வந்து, அவள் மறுத்ததும் நெற்றியில் தழும்பு விழுகிற மாதிரி அடிக்கிறான். கடைசியில் அவள் வாழ்க்கைப்பட்ட ஜமீன் வீட்டு வாசலில் போய்ச் சாகிறான், தியேட்டரே அழுகிறது. நானும்தான். நிஜத்தில் இப்படி ஏமாற்றிப் போனவன் யாரும் குடித்துச் செத்து வாசலில் வந்து விழுவதில்லை, வேறு கல்யாணம் செய்துகொண்டு நன்றாகவே இருக்கிறான். படத்திலாவது ஒருவன் வலிக்க வலிக்க விலை கொடுக்கிறானே என்பதில் ஒரு திருப்தி இருக்கிறது. ஆனால் அழுகை முழுவதும் அவனுக்கே போய்விடுகிறது என்பதுதான் சிக்கல். மிச்ச ஆயுளை அந்த ஜமீன் வீட்டில் கழிக்கப்போகிறவளைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

நோய் வந்து சாகிற வகை எனக்குக் கொஞ்சம் மலிவாகத்தான் படும். ஆனால் 2016-இல் ஓடாத ‘சனம் தேரி கசம்’ 2025 பிப்ரவரியில் திரும்ப வந்து முதல் வெளியீட்டைவிட அதிகம் வசூலித்தது. நாயகி சாவாள் என்று தெரிந்தே டிக்கெட் எடுத்தார்கள். சுப முடிவு வைத்தால்தான் கூட்டம் வரும் என்று எவன் சொன்னானோ!

என் ஓட்டு 1981-இல் பாலசந்தர் எடுத்த ‘ஏக் தூஜே கே லியே’வுக்குத்தான். அதில் காதலர்களான வாசுவும் சப்னாவும் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஒரு வருடம் பார்க்காமல் பேசாமல் இருங்கள் என்று பெரியவர்கள் போட்ட நிபந்தனையைக்கூட ஏற்றுக்கொண்டவர்கள். அதனால் கடைசியில் இருவரும் சாகிறபோது எந்தக் கணக்கும் தீருவதில்லை. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வருகிறது, அதுவும் அந்த நிபந்தனை போட்டவர்கள் மேல்.