தேருக்குள் மோட்டார் இருக்கிறதா?

சிதம்பரம் ஆனித் திருமஞ்சனம், வில்லியனூர் தேர் என்று திருவிழா நெருங்கும்போதெல்லாம் கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றும்: “இரும்புச் சக்கரம் மாட்டிய தேர்களுக்குள் மோட்டாரும் ஸ்டியரிங்கும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வடம் இழுப்பது வெறும் காட்சிக்குத்தான்.”

இது தவறு. வதந்திக்கு விதை திருவாரூர் ஆழித்தேராக இருக்கலாம். சுமார் 96 அடி உயரம், 300 டன் எடை. அதற்கு இரும்புச் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் திருச்சி பெல் (BHEL) நிறுவனம் செய்து கொடுத்தது உண்மை. அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்கிற ஆலைக்கு கனமான இரும்பு வேலை புதிதல்ல. ஆனால் பிரேக் நிறுத்தத்தான் செய்யும், ஓட்டாது.

சரி, ஸ்டியரிங் இல்லாமல் எப்படித் திரும்புகிறது? முட்டுக்கட்டைதான், அதாவது சக்கரத்தடியில் போடும் ஆப்பு மாதிரியான மரக்கட்டை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு அதைச் சாய்வாகக் கொடுத்தால் சக்கரம் சறுக்கி, தேரின் போக்கு மாறும். ஓடும் சக்கரத்தடியில், நொடி பிசகாமல் கட்டை போடுகிறவர்தான் உண்மையான ஓட்டுநர். என்னைக் கேட்டால், மேடையில் பொன்னாடை அவருக்குத்தான் முதலில் போட வேண்டும். திருவாரூரில் வீதி முனையில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைச் சக்கரத்தடியில் போட்டும் திருப்புவார்கள்.

அப்புறம், அந்தத் தேரைப் பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுவதும் உண்டு. அது வெட்டவெளியில், எல்லோரும் பார்க்க நடக்கிறது.