ஒக்லஹோமா: பட்டா போட்டே பறித்த மண்

அமெரிக்காவில் ஒரே ஒரு மாநிலத்தின் வரலாற்றைப் படிக்கத்தான் நேரமிருக்கிறது என்றால், டெக்சாஸ், கலிபோர்னியாவை விட்டுவிட்டு ஒக்லஹோமாவைப் படியுங்கள் என்பேன். நிலத்தைப் பிடுங்குவதற்குத் துப்பாக்கியைவிடச் சட்டப் புத்தகம் எவ்வளவு தோதானது என்பதை அங்கே வரி வரியாகப் பார்க்கலாம்.

1830-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டத்தோடு கதை ஆரம்பிக்கிறது. செரோக்கி, கிரீக், சாக்டா, சிக்கசா, செமினோல் என்ற ஐந்து பூர்வகுடி மக்களைத் தென்கிழக்கிலிருந்து மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே, இன்றைய ஒக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். 1838-39 வெளியேற்றத்தில் செரோக்கிகளில் மட்டும் ஏறத்தாழ 4,000 பேர் செத்ததாகச் சொல்வார்கள். 'கண்ணீர்ப் பாதை' என்பது அதுதான். ஆனால் அவர்கள் கையில் அரசு போட்ட ஒப்பந்தம் இருந்தது: புது மண் உங்களுடையது, உங்கள் சம்மதமில்லாமல் எந்த மாநிலத்தோடும் சேர்க்க மாட்டோம்.

1889 ஏப்ரல் 22, நண்பகல். சுமார் 20 லட்சம் ஏக்கர் 'யாருக்கும் ஒதுக்காத நிலம்' என்று அறிவிக்கப்பட்டு, எல்லையில் காத்திருந்த ஐம்பதாயிரம் பேர் குதிரையிலும் வண்டியிலும் பாய்ந்தார்கள். காலையில் ரயில் நிலையமும் நாலைந்து கட்டடங்களுமாக இருந்த ஒக்லஹோமா சிட்டியில் சாயங்காலம் பத்தாயிரம் பேர்! முன்கூட்டியே திருட்டுத்தனமாக நுழைந்து ஒளிந்திருந்தவர்களுக்கு 'சூனர்' என்று பெயர். இன்று அது மாநிலத்தின் செல்லப்பெயர், பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பெயரும் அதே. வெட்கமெல்லாம் கிடையாது.

பாட நூல்கள் இந்த ஓட்டத்தைத்தான் படம் போட்டுக் காட்டும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1898-இன் கர்ட்டிஸ் சட்டம். அதுவரை இந்த ஐந்து இனங்களின் நிலம் இனத்துக்கே பொதுச் சொத்து, தனியாள் விற்க முடியாது. அதை உடைத்து ஆளுக்கொரு பட்டா கொடுத்தார்கள். கேட்க நல்ல சீர்திருத்தம் மாதிரிதான் இருக்கும். ஆனால் பட்டா தனியாள் பெயருக்கு வந்த பிறகுதான் கடன், வரி, மோசடி எல்லாம் உள்ளே நுழைய வழி கிடைத்தது. 1908 சட்டம் சிறுவர்களின் பங்கை உள்ளூர் நீதிமன்றங்களின் பொறுப்பில் விட்டது. அவை நியமித்த 'பாதுகாவலர்கள்' பலர் எண்ணெய் வளமுள்ள நிலங்களைச் சுருட்டிக்கொண்டார்கள்.

இதற்கிடையே, 1905-இல் அந்த மக்களே செக்கோயா என்ற பெயரில் தனி மாநிலம் கேட்டு, அரசியல் சாசனம் எழுதி, வாக்கெடுப்பிலும் ஜெயித்தார்கள். வாஷிங்டன் கண்டுகொள்ளவில்லை. 1907-இல் ஒக்லஹோமா 46-ஆவது மாநிலமானது. புதிய மாநிலத்தின் செனட் கொண்டுவந்த முதல் மசோதா எது தெரியுமா? ரயிலில் கறுப்பர்களுக்குத் தனிப் பெட்டி.

1921-இல் டல்சா நகரில் கறுப்பர்கள் வாழ்ந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்தது இந்த வரிசையில்தான் வருகிறது. 35 தெருத்தொகுதிகள் சாம்பலாயின. செத்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. கும்பல் கலைந்த பிறகு, மக்கள் அங்கேயே மறுபடி வீடு கட்டாதபடி நகராட்சி தீத்தடுப்பு விதி ஒன்றைக் கொண்டுவந்தது. பி. சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பு வழக்கறிஞர் கூடாரத்தில் அலுவலகம் போட்டு வழக்காடி அதை உடைத்தார். இந்த மனிதருக்கு இன்னும் பெரிய இடம் கிடைத்திருக்க வேண்டும்.

அப்புறம் 1930-களின் புழுதிப் புயல், 1995-இல் 168 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பு. அவற்றைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது 2020 ஜூலை 9. மெக்கர்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்பளித்தது: கிரீக் மக்களின் நிலப்பகுதியை நாடாளுமன்றம் ஒருபோதும் முறைப்படி கலைக்கவில்லை, ஆகவே குற்ற வழக்குகளைப் பொறுத்தவரை அது இன்னும் அவர்களுடைய மண்தான். டல்சாவின் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். தீர்ப்பை எழுதிய நீல் கோர்சச், டிரம்ப் நியமித்த பழமைவாதி. மற்ற இனங்களுக்கும் இது பொருந்தும் என்று மாநில நீதிமன்றமே அடுத்தடுத்துச் சொன்னது.

இதை நீதி வென்றதாகக் கொண்டாடுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. தீர்ப்புக்கு ஆதரவான அந்த ஐந்து நீதிபதிகளில் ஒருவரான ரூத் பேடர் கின்ஸ்பர்க் இரண்டே மாதத்தில் இறந்தார், அவர் இடத்துக்குப் பழமைவாதியான ஏமி கோனி பாரெட் வந்தார். 2022-இல் இன்னொரு வழக்கில், அந்த மண்ணில் பூர்வகுடிகள் மீது வெளியாட்கள் செய்யும் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கும் உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதுவும் 5-4 தான். கோர்சச் இந்த முறை எதிர்த்தரப்பில் உட்கார்ந்து கோபமாக எழுதினார்.