அரை லிட்டர் பாட்டிலும் 45 கிலோ மூட்டையும்

நானோ என்று ஒட்டினால் எதுவும் விற்றுவிடும் போல. நான் அந்த அறிவியலுக்கு எதிரி இல்லை, ஆனால் நானோ யூரியா (யூரியாவை மிக நுண்ணிய துகள்களாக்கி இலையில் தெளிக்கிற திரவ உரம்) விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எப்படி இவ்வளவு பேர் கைதட்டினார்கள் என்று புரியவில்லை.

2021ல் இஃப்கோ என்ற உரக் கூட்டுறவு நிறுவனம் கொண்டுவந்த 500 மில்லி பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்றார்கள். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 4 சதவீதம், அதாவது 20 கிராம். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், 20 கிலோவுக்கு மேல். சரி, மண்ணில் போடுவதில் பாதிக்கு மேல் காற்றோடும் தண்ணீரோடும் போகிறது, உண்மைதான், மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குச் சேருகிறது என்றே வைத்துக்கொள்வோம், அப்போதும் 6, 7 கிலோ வருகிறதே! தெளித்ததை இலை ஒரு சொட்டு விடாமல் குடித்தாலும் 20 கிராம் 20 கிராம்தான். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் சோதித்தபோது நெல், கோதுமை இரண்டிலும் விளைச்சல் குறைந்தது. இதில், மூட்டை கேட்டால் பாட்டிலையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள் என்று விவசாயிகள் புகார் வேறு.

அப்படியானால் நானோ எங்கே உதவும்? ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை ஒரு நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, துண்டுகளாக நறுக்கினால் (கற்பனையில்தான்) மொத்த மேற்பரப்பு 6000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர். எடை மட்டும் அப்படியே இருக்கும். எங்கே பரப்பு வேலை செய்கிறதோ, எங்கே துளியூண்டு போதுமோ, அங்கேதான் நானோ ஜெயிக்கும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு செய்த குடிநீர் ஆர்சனிக் வடிகட்டி அப்படித்தான், இரும்பு சார்ந்த நானோ துகள்களின் பரப்பில் விஷம் ஒட்டிக்கொள்கிறது. ஃபைசர் கொரோனா தடுப்பூசியும் அப்படித்தான், ஒரு ஊசியில் 30 மைக்ரோகிராம் எம்ஆர்என்ஏ (செல்லுக்குப் புரதம் செய்யச் சொல்லும் மூலக்கூறு), அதை உடையாமல் செல்லுக்குள் கொண்டுபோனது நானோ அளவுக் கொழுப்புக் குமிழி. அந்தக் குமிழிகளை ரத்தத்தில் செலுத்தினால் பெரும்பாலும் கல்லீரலுக்கே ஓடுகின்றன, நுரையீரலுக்கோ புற்றுக்கட்டிக்கோ திருப்பிவிட இப்போது உலகமெங்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அடுத்த பெரிய பாய்ச்சல் அங்கேதான்.

விவசாயத்தில் வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. துத்தநாகம் மாதிரி நுண்ணூட்டங்கள் ஏக்கருக்குக் கொஞ்சமாகத்தான் தேவை, பூச்சிமருந்தும் அப்படியே. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நானோவுக்கென்றே தனித் துறை இருக்கிறது. யூரியா விளம்பரத்துக்குப் போகிற காசை அந்த மாதிரி இடங்களில் துத்தநாகத்துக்கும் பூச்சிமருந்துக்கும் போட்டு, நாலு மாவட்டத்து வயலில் சோதித்து, முடிவு எப்படி வந்தாலும் அப்படியே வெளியிடட்டும்.